மாற்றல் உத்தரவும் முதல் காதலும்

மகோதோ ஷின்காய் இயக்கிய ‘விநாடிக்கு 5 சென்டிமீட்டர்’ 2007 மார்ச்சில் ஜப்பானில் திரைக்கு வந்தது. மொத்தமே 63 நிமிடம் ஓடும் அனிமேஷன் படம். அதற்குள் மூன்று பகுதிகள். தொடக்கப்பள்ளியில் ஒன்றாகப் படித்த தகாகி என்ற பையனும் அகாரி என்ற பெண்ணும் ஊர் மாறிப் பிரிகிறார்கள். பனி கொட்டும் ஓர் இரவில் ஒரே ஒரு முறை சந்திக்கிறார்கள். பிறகு கடிதங்கள் குறைந்து, நின்று, ஆளுக்கொரு வாழ்க்கை என்றாகிவிடுகிறது. கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காலம், தூரம், விதி என்ற மூன்றையே சுற்றிச் சுற்றி வருவார்கள். செர்ரிப் பூவிதழ் உதிரும் வேகம் தலைப்பிலேயே இருப்பதால், உதிர்வது பூவின் இயல்பு, பிரிவது மனிதரின் இயல்பு என்று பெருமூச்சோடு முடித்துக்கொள்ளவும் வசதியாக இருக்கிறது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த இருவரையும் பிரித்தது இயற்கை இல்லை, விதியும் இல்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் தயாரான மாற்றல் உத்தரவு. ஜப்பானிய நிறுவனங்களில் ‘தென்கின்’ என்று வழங்கும் இடமாற்ற முறைக்கு ஒரு வரலாறு உண்டு. தொடங்கிய காலம், வலுப்பெற்ற காரணம், அதற்குக் காவல் நின்ற தீர்ப்புகள் எல்லாம் உண்டு. அந்த வரலாறு தெரியாமல் படத்தைப் பார்ப்பவருக்கு அழுகை வரும். எதற்கு அழுகிறோம் என்பது பிடிபடாது.

முதலில் படம் தரும் சாட்சியத்தைப் பார்ப்போம். தகாகி, அகாரி இருவருமே பெற்றோரின் வேலை காரணமாக வெளியூரிலிருந்து டோக்கியோவுக்கு வந்தவர்கள். அவன் வந்து ஓராண்டு கழித்து அவள் அதே வகுப்பில் சேர்கிறாள். இருவரும் நோஞ்சான் பிள்ளைகள். மைதானத்தைவிட நூலகமே கதி என்று கிடப்பவர்கள். பாதியில் வந்து சேரும் பிள்ளைக்கு, வகுப்பில் ஏற்கெனவே உருவாகிவிட்ட கூட்டங்களுக்குள் நுழைய எளிதில் வழி கிடைக்காது. அப்படி வெளியே நின்ற இருவர் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டதுதான் இந்த நட்பு. ஆக, காதலைத் தொடங்கி வைத்ததும் மாற்றல்தான். தொடக்கப்பள்ளி முடியும் சமயத்தில் ஓர் இரவு அகாரி பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அவனை அழைக்கிறாள். தேர்வெழுதி இடம் வாங்கிய நடுநிலைப் பள்ளியில் சேர முடியாது, தொச்சிகி மாவட்டத்து அரசுப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடாகிறது என்கிறாள். டோக்கியோவின் கத்சுஷிகா பகுதியில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்று கேட்டும் பார்த்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று மறுத்துவிட்டார்கள். அவள் அழுகிறாள், அவன் முகம் கொடுத்துப் பேசாமல் வெடுக்கென்று நடந்துகொள்கிறான். எந்த நிறுவனம், என்ன வேலை, ஏன் இப்போதே போயாக வேண்டும் என்பது பற்றி ஒரு பேச்சும் இல்லை. உத்தரவு போட்டவரின் பெயரோ முகமோ படம் முழுக்க வராது.

இந்த மௌனத்தையே என் வாதத்துக்கு முதல் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு விஷயத்தை விளக்காமலே பார்வையாளர் ஏற்றுக்கொள்வார்கள் என்று கதாசிரியர் நம்பினால், அந்த விஷயம் அந்தச் சமூகத்தில் சாதாரணமாகிவிட்டது என்று பொருள். மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படம் காரின் பின்சீட்டில் தோழிகள் தந்த பூச்செண்டோடு சுருண்டு படுத்திருக்கும் ஒரு சிறுமியோடு தொடங்குகிறது. குடும்பம் ஏன் ஊர் மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ‘இடையில் வந்து சேர்ந்த மாணவன்’ என்ற பாத்திரம் ஜப்பானியக் கதைகளிலும் மங்காக்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஓபாயாஷி நோபுஹிகோ 1982 இல் எடுத்த படத்தின் பெயரே ‘தென்கோசெய்’, அதாவது மாற்றலாகி வந்த மாணவன். ஒரு நாட்டின் கற்பனையில் இப்படி ஒரு பாத்திரம் நிரந்தர இடம் பிடித்திருக்கிறது என்றால், அந்த நாட்டின் பள்ளிகளுக்குள் அத்தகைய பிள்ளைகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்த ஏதோ ஓர் இயந்திரம் இருந்திருக்க வேண்டும்.

அந்த இயந்திரத்தை எடோ காலம்வரை கொண்டுபோய் இணைத்துப் பேசுவோர் உண்டு. 1635 இல் ஷோகுன் அரசு பிரபுக்களுக்கு ஒரு கட்டளை இட்டது: ஓராண்டு எடோவில் (இன்றைய டோக்கியோ), அடுத்த ஆண்டு சொந்தப் பிரதேசத்தில் என மாறி மாறி இருக்க வேண்டும், மனைவி மக்கள் எடோவிலேயே தங்க வேண்டும். பிரபுவோடு கூடப் போன சாமுராய்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு எடோவின் குடியிருப்புகளில் மாதக்கணக்கில் தனியாக வாழ்ந்தார்கள். குடும்பத்தைப் பிரிந்து வேறு ஊரில் வேலை பார்க்கும் இன்றைய அலுவலருக்கு அவர்கள் முன்னோடிகள் என்று சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிரபுக்கள் கலகம் செய்யாமல் பார்த்துக்கொள்வதற்காகப் பிணை வைத்த ஏற்பாடு. சம்பளமும் பதவி உயர்வும் சார்ந்த இன்றைய முறையோடு அதற்கு நேரடித் தொடர்ச்சி இல்லை. பழக்கத்துக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுப் பாரம்பரியம் கற்பிப்பது, அது மாற்ற முடியாதது என்று சொல்லாமல் சொல்வதும் ஆகும். உண்மையான தொடக்கம் மெய்ஜி காலத்தில். 1871 இல் பிரபுக்களின் பிரதேசங்கள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் உருவாயின. ஆளுநர்கள் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டார்கள். உள்ளூரோடு ஒட்டுறவு இல்லாத, எங்கு அனுப்பினாலும் போகிற அதிகாரி என்ற மனிதர் அப்போதுதான் பிறந்தார். வங்கிகளும் சுரங்க நிறுவனங்களும் நாடெங்கும் கிளை பரப்பியபோது அதே வார்ப்பை எடுத்துக்கொண்டன.

மியாசாவா கென்ஜியின் ‘காற்றின் மதாசபுரோ’ அவர் இறந்த மறு ஆண்டு, 1934 இல், அச்சுக்கு வந்த சிறுவர் கதை. மலைக் கிராமத்துச் சிறு பள்ளிக்கு செப்டம்பர் 1 அன்று ஹொக்காய்தோவிலிருந்து ஒரு புதுப் பையன் வருகிறான். காற்று பலமாக வீசும் நாள். இவன் காற்றின் தேவனாக இருப்பானோ என்று கிராமத்துப் பிள்ளைகள் சந்தேகிக்கிறார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒரு புயல் காலையில் அவன் போய்விட்டான் என்று தெரிகிறது. கதையைக் கற்பனை உலகமாகவே படிப்போம். ஆனால் கென்ஜி காரணத்தைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். பையனின் அப்பா சுரங்க நிறுவனத்து ஆள், மாலிப்டினம் தாதுவைத் தேடி வந்தவர். இப்போதைக்கு அதைத் தோண்டுவதில்லை என்று முடிவானதால் குடும்பம் கிளம்பிவிட்டது. ஷின்காய் சொல்லாமல் விட்டதை அவருக்கு எழுபது ஆண்டுக்கு முன்னால் கென்ஜி சொல்லிவிட்டார். அப்போது அது ஒரு கிராமமே வியந்து பேசும் அளவுக்குப் புதிதாக இருந்தது. ஷின்காயின் காலத்துக்குள் பேசத் தேவையில்லாத அளவுக்குப் பழகிப்போயிற்று. இடையில் நடந்தது என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

நடந்தது போருக்குப் பிந்தைய ஓர் உடன்பாடு. பெரிய நிறுவனங்கள் நிரந்தர ஊழியரை வேலையை விட்டு நீக்குவதில்லை. பதிலுக்கு, எந்த ஊரில் என்ன வேலை என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். எழுதப்பட்ட ஒப்பந்தம் என்று ஒன்றைக் காட்ட முடியாது, ஆனால் இரு தரப்பும் அதன்படியே நடந்துகொண்டன. 1960களில் க்யூஷூ தீவிலிருந்த யவாதா உருக்காலை நிறுவனம் டோக்கியோ விரிகுடாவின் கரையில் கிமித்சுவில் புது ஆலை அமைத்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மனைவி மக்களோடு அத்தனை தூரம் கடந்து குடிபெயர்ந்தார்கள். பள்ளி வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் புதுப் பிள்ளைகளாக இருந்திருக்கக்கூடிய ஊர் அது. 1973 எண்ணெய் நெருக்கடியில் விற்பனை சரிந்தபோது நிறுவனங்கள் ஆட்குறைப்புக்குப் பதிலாக ஆட்களை இடம் மாற்றிச் சமாளித்தன. தகுந்த காரணமில்லாத பணிநீக்கம் செல்லாது என்ற கொள்கையை 1975 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீக்கும் கதவு அடைபட அடைபட, மாற்றும் கதவு அகலமாயிற்று. 1986 இல், பிரிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டு, தேசிய ரயில்வே ஹொக்காய்தோ, க்யூஷூ ஊழியர்களைப் பெருந்தொலைவு மாற்றலில் டோக்கியோ பக்கம் அனுப்பத் தொடங்கியது. 1987 ஏப்ரல் 1 அன்று ஜே.ஆர். நிறுவனங்கள் பிறந்தன. அகாரியைப் பார்க்க தகாகி ஏறிச் செல்லும் ரயில்களை ஓட்டும் ஜே.ஆர். கிழக்கு அவற்றில் ஒன்று.

அதே 1986 ஜூலை 14 அன்று வந்த ஒரு தீர்ப்பை இங்கே கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தோஆ பெயின்ட் நிறுவனத்தின் கோபே அலுவலகத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த ஓர் ஊழியரை முதலில் ஹிரோஷிமாவுக்குப் போகச் சொன்னார்கள், மறுத்தார். பிறகு நகோயாவுக்கு உத்தரவு, அதையும் மறுத்தார். அவர் வீட்டில் 71 வயதுத் தாய், மழலையர் காப்பகத்தில் வேலை பார்த்த மனைவி, 2 வயது மகள். நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஊழியர் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது: பணி விதிகளில் மாற்றல் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது, நிறுவனத்தின் தேவை நியாயமானது, குடும்பத்துக்கு நேரும் கஷ்டம் ஊழியர் எவரும் பொதுவாகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவைத் தாண்டவில்லை. ஜப்பானியத் தொழிலாளர் சட்டம் படிப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துக்கொள்ளும் வழக்கு இது. பொறுத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம் என்று ஓர் அளவுகோலை நீதிமன்றம் வகுத்துவிட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஊழியர்கள் அந்த அளவுகோலை வைத்துத் தங்களையே அளந்துகொண்டார்கள். தகாகி, அகாரியின் பெற்றோர் இந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய ஜப்பானில் வேலை பார்த்தவர்கள். மாற்றல் வந்தால் ‘முடியாது’ என்று சொல்வது அவர்களுக்கு வேலையைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

பிள்ளைகளின் வயது இதில் சாதாரண விவரம் இல்லை. ஜப்பானில் தொடக்கப்பள்ளி ஆறாண்டு, நடுநிலை மூன்றாண்டு, ஆக ஒன்பது ஆண்டு கட்டாயக் கல்வி. வீடு எங்கே மாறினாலும் அந்த ஊர் நிர்வாகம் அரசுப் பள்ளியில் இடம் கொடுத்தாக வேண்டும். உயர்நிலைப் பள்ளி அப்படி இல்லை. போட்டித் தேர்வெழுதி வாங்கிய இடத்தை விட்டுவிட்டால் வேறு ஊரில் அதற்கிணையான இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் அப்பா மட்டும் தனியாக மாற்றலில் போகும் ‘தான்ஷின் ஃபுனின்’ வழக்கம் பரவி, 1980களில் நாளிதழ்கள் விவாதிக்கும் சமூகப் பிரச்சினையாயிற்று. இந்தக் கணக்கைப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அகாரி தொடக்கப்பள்ளி முடித்ததும் போகிறாள். தகாகி நடுநிலைப் பள்ளி முதலாண்டு முடியும் தறுவாயில் க்யூஷூவின் தென்கோடியிலுள்ள ககோஷிமா மாவட்டத்துத் தீவுக்குப் போகிறான். இருவரும் சாமான்களோடு சேர்த்து எடுத்துச் செல்லத்தக்க வயதில் இருக்கிறார்கள். மூன்றாண்டு தள்ளி வந்திருந்தால் இருவரின் அப்பாக்களும் பெட்டியோடு தனியாகப் போயிருக்கக்கூடும். பதின்மூன்று வயதின் காதலில் அப்பாவித்தனம், தூய்மை என்றெல்லாம் ரசிகர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வயதைக் கதைக்குப் பொருத்தமாக்கியதில் கல்வித் துறைக்கும் பங்கு இருக்கிறது.

தூரத்தையும் படம் சும்மா ‘தூரம்’ என்று விடுவதில்லை. அகாரி போன இவாஃபுனே, டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்த ஊர் வழியே ஓடும் ரியோமோ பாதை, ஆஷிகாகா, கிரியூ நெசவு ஊர்களின் பட்டுத் துணியைச் சந்தைக்குக் கொண்டுபோக 1888 இல் தனியார் நிறுவனமொன்று திறக்கத் தொடங்கியது. 1906 இல் அரசுடைமையாயிற்று. நெசவுத் தொழில் தேய்ந்தபின், பெருநகரத்தின் வடக்கு விளிம்பில் மெதுவாக ஊர்ந்துபோகும் கிளைப் பாதையாக அது நின்றது. தகாகி பள்ளி முடிந்து கிளம்பி, ஷிஞ்ஜுகு, ஓமியா, ஓயாமா என்று வண்டி மாறி மாறிப் போகிறான். எங்கே எத்தனை மணிக்கு எந்த வண்டி என்று முன்னமே தாளில் குறித்து வைத்திருக்கிறான். பனியில் வண்டி நிற்கிறது. ஒரு நிலையத்தில் கதவு திறந்தே கிடக்க, குளிர் தாங்காத பயணி ஒருவர் எழுந்து வந்து கதவை மூடும் பொத்தானை அழுத்துகிறார். பையன் மன்னிப்புக் கேட்கிறான். தனியாகத் தொலைவு போய்ப் பழகாத பிள்ளை என்பதைக் காட்ட அந்த ஒரு செய்கை போதும். ஓயாமா நடைமேடையில், எழுதி வைத்திருந்த கடிதத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. இரவு 7 மணிக்குச் சந்திப்பதாக இருந்தவன் 11 மணிக்கு மேல் இவாஃபுனே சேர்கிறான். காத்திருப்பு அறையில் கணப்படுப்புக்குப் பக்கத்தில், சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டோடு அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பயணத்தின் பொருள் என்ன? முதல் மாற்றலை இந்தப் பிள்ளைகள் தாங்கிவிட்டார்கள். பெரியவர்கள் யாரும் உதவாமல், தபால்தலை ஒட்டிய கடிதங்களை வைத்தே நட்பைக் காப்பாற்றிவிட்டார்கள். 100 கிலோமீட்டரை ஒரு மாலையில் கடக்கவும் முடிந்திருக்கிறது. அவர்களை வீழ்த்தியது இரண்டாவது மாற்றல். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ககோஷிமாவிலிருந்து கடல் தாண்டிப் போக வேண்டிய தனேகாஷிமா. அங்கே எந்தக் கைச்செலவுக் காசும் டிக்கெட் ஆகாது. ஒருமுறை பிடுங்கி நட்டால் பிழைத்துக்கொள்வது மறுமுறையும் பிடுங்கப்படும் என்பதுதான் இந்த முறையின் தன்மை.

இனி செர்ரிப் பூ. மார்ச்சில் பள்ளி முடிவதும், ஏப்ரலில் புது வகுப்பும் புது வேலையும் தொடங்குவதும், இரண்டுக்கும் இடையில் செர்ரி பூத்துக் கொட்டுவதும் ஜப்பானியர் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆனால் இது ஆதியிலிருந்து வந்த பிணைப்பு இல்லை. அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கியது 1886 முதல்தான். அதையொட்டிப் பள்ளிகள் படிப்படியாக ஏப்ரலுக்கு மாறின. பேரரசுப் பல்கலைக்கழகங்கள் செப்டம்பரை விட்டது 1921 இல். பள்ளி வளாகங்களில் நிறைந்து நிற்கும் சோமெய் யோஷினோ வகை மரம் எடோ காலத்தின் இறுதியில் நாற்றுப்பண்ணைக்காரர்கள் ஒட்டுக்கட்டிப் பெருக்கியது. ஒரே மரத்தின் நகல்கள் என்பதால் ஓர் ஊரில் எல்லா மரமும் ஒரே சமயத்தில் பூக்கின்றன. நிறுவனங்களின் பெரிய மாற்றல் பட்டியலும் ஏப்ரலை ஒட்டியே வருகிறது. மார்ச் கடைசியில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி கிடைப்பதே சிரமம். ஆக, பூ உதிரும்போது பிரிவு நேர்வது நிதியாண்டின் ஏற்பாடு. போகிற போக்கில் ஒன்று: ஐந்து மீட்டர் உயரக் கிளையிலிருந்து விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் இதழ் இறங்கினால் தரையைத் தொட 100 விநாடி ஆகும். எந்த இதழும் அத்தனை நேரம் எடுத்துக்கொள்வதில்லை. தனேகாஷிமாவில் விண்வெளி ராக்கெட்டை ஏற்றி ஊர்ந்துபோகும் வாகனத்தின் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தையும் படம் குறிப்பிடுகிறது. நம்பத்தக்க அளவு இரண்டில் அதுதான்.

கைப்பேசி இல்லாத காலத்துக் கதை, இன்றைக்கு நடந்தால் பிரிவே இல்லை என்பார்கள். இதற்குப் படமே பதில் வைத்திருக்கிறது. இரண்டாம் பகுதியில் தகாகி உயர்நிலைப் பள்ளி மாணவன். காலம் 1990களின் இறுதி. கையில் கைப்பேசி இருக்கிறது. ஓயாமல் செய்தி தட்டுகிறான், யாருக்கும் அனுப்புவதில்லை. மூன்றாம் பகுதியில் டோக்கியோவில் மென்பொருள் வேலை. அவனோடு பழகிய பெண்ணுக்கும் அவனுக்கும் இடையில் ஏராளமான குறுஞ்செய்திகள் போய்வந்தும் நெருக்கம் வளரவில்லை. ஷின்காய் இதை முன்பே யோசித்தவர். 2002 இல் பெரும்பாலும் ஒற்றை ஆளாகக் கணினியில் உருவாக்கிய ‘ஹோஷி நோ கோயே’ குறும்படமும், விண்வெளிக்குப் போன பெண் அனுப்பும் கைப்பேசிச் செய்தி ஆண்டுகள் கழித்து வந்து சேர்வது பற்றியதுதான். செய்தி போகும் வேகம் கூடினால் தூரம் குறையும் என்ற நம்பிக்கை அவரிடம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரே வகுப்பறையில் இன்னும் சில ஆண்டுகள். கடிதமோ கைப்பேசியோ அதற்கு ஈடாகாது.

வலுவான ஆட்சேபம் வேறு. மாற்றல் இருவருக்கும்தான் வந்தது; அகாரி தேறிவிட்டாள், வேறொருவரை மணக்கப் போகிறாள்; தகாகி மட்டும் ஏன் தேங்கினான்? குற்றம் முறையில் இருந்தால் விளைவு ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும், இது அவன் சுபாவம் இல்லையா? நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றாம் பகுதியில் ஒரு சிறு காட்சி: திருமணத்துக்கு முன் அகாரி டோக்கியோ கிளம்புகிறாள், வழியனுப்பப் பெற்றோர் வந்து நிற்கும் நடைமேடை இவாஃபுனேயில் இருக்கிறது. அதாவது அந்தக் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. மாற்றலில் போன ஊர் அவளுக்குச் சொந்த ஊராகிவிட்டது. தகாகிக்கோ வெளியூர், டோக்கியோ, தீவு, மறுபடி டோக்கியோ. வேர் பிடிக்க அவகாசம் கிடைத்தவள் நினைவைப் பத்திரமாக மடித்து வைத்தாள். கிடைக்காதவனுக்கு அந்த ஒரு நினைவைத் தவிர ஊர் என்று வேறெதுவும் இல்லை. சுபாவத்தை நான் மறுக்கவில்லை. சுபாவம் எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்கிறேன். இரண்டாம் பகுதியில் வரும், தீவிலேயே பிறந்து வளர்ந்த கனாயே என்ற பெண் அவனை நேசித்தும் தோற்றது எப்படி என்று கேட்கலாம். அவளுடைய தோல்வியிலும் புறப்பாடு இருக்கிறது. தீவில் பல்கலைக்கழகம் கிடையாது. பள்ளி முடிந்ததும் அவன் டோக்கியோவுக்குப் போகப் போகிறவன். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று பள்ளி கேட்ட படிவத்தை நிரப்பத் தெரியாமல் அவள் காகித விமானம் செய்து பறக்கவிடுகிறாள். போகப் போகிறவர்களோடு பழகுவது எப்படி என்பது அந்தத் தீவின் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள பாடம்.

மாற்றல் முறைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கதும் உண்டு. வங்கிகளில் ஒரே கிளையில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் வாடிக்கையாளரோடு சேர்ந்து முறைகேடு செய்ய இடம் ஏற்படும். மாற்றல் அதைத் தடுக்கும். பல ஊர், பல பிரிவு பார்த்தவர் நல்ல நிர்வாகியாவார். நிறுவனக் குடியிருப்பு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மந்தக் காலத்தில் வேலை போகாது. இவை பொய் இல்லை. எல்லா ஜப்பானியரும் இதற்கு ஆட்பட்டவர்களும் இல்லை. பெரிய நிறுவனத்து நிரந்தர ஊழியர், அதிலும் பெரும்பாலும் ஆண்கள். விவசாயிக்கும் கடைக்காரருக்கும் இந்தக் கதை பொருந்தாது. ஆனால் இந்த லாப நஷ்டக் கணக்கில் ஒரு தரப்பு விட்டுப்போகிறது. வேலைப் பாதுகாப்பை வாங்கிக்கொண்டவர் தகப்பன்; ஊர் விட்டு ஊர் போகும் விலையில் ஒரு பகுதியைக் கட்டியவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அகாரி மட்டும் கேட்டாள்; கிடைத்த பதிலை அவள் தொலைபேசிக் கூண்டில் நின்று சொல்லி அழுதாள். இயக்குநர் இப்படியெல்லாம் நினைத்தா எடுத்தார் என்று கேட்டால், அவர் நினைத்தாரா என்பது இந்த வாதத்துக்கு அவசியமில்லை. ரயில் பெட்டியின் கதவுப் பொத்தான்வரை பார்த்துப் பார்த்து வரைந்த ஒருவர், தாம் வாழும் சமூகத்தையும் சேர்த்தேதான் வரைந்திருப்பார்.

இந்த முறை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அதற்குக் காரணம் பிள்ளைகளின் கண்ணீர் இல்லை. மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பெருகின. இளம் ஊழியர்கள் மாற்றல் உள்ள வேலையை வேண்டாம் என்கிறார்கள். ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. என்.டி.டி. குழுமம் 2022 ஜூலையில் ஏறத்தாழ 30,000 ஊழியர்கள் நாட்டின் எந்த ஊரிலிருந்தும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. வேலைக்கு எடுக்கும்போதே எந்தெந்த ஊர்களுக்கு மாற்றல் வரலாம் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன: 2000 ஜனவரியில்கூட, சிறு குழந்தையை வைத்துக்கொண்டு டோக்கியோவுக்குள்ளேயே நெடுந்தூர அலுவலகத்துக்கு மாற்றப்பட்ட ஒரு தாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டு குழந்தை வளர்ப்பு, குடும்பப் பராமரிப்பு விடுப்புச் சட்டத்தைத் திருத்தி 26ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியரை வேறு ஊருக்கு மாற்றுவதால் குழந்தை வளர்ப்போ குடும்பத்தாரைப் பராமரிப்பதோ கடினமாகும் என்றால் நிறுவனம் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. கருத்தில் கொண்டால் போதும். மாற்றக்கூடாது என்று தடை இல்லை. பிள்ளையின் பள்ளியைப் பற்றியும் நட்பைப் பற்றியும் அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது.